கறுப்புக் கல்லில் ஒரு சிவப்புக் கீற்று

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு கறுப்புக் கல். தூக்கினால் அதே அளவுள்ள சாதாரணக் கல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கிறது. தேய்த்துத் துடைத்த இரும்பைப்போல மேலே ஒரு பளபளப்பு. ஒரு தரை ஓட்டைத் திருப்பிப் போட்டு, மெருகு ஏற்றாத சொரசொரப்பான அடிப்பக்கத்தில் கல்லின் முனையை வைத்து அழுத்தி இழுத்தால் கரகரவென்று ஒரு கோடு விழுகிறது. கறுப்புக் கல் கறுப்பாகத்தானே எழுத வேண்டும்? விழுந்த கோட்டின் நிறம் உலர்ந்த ரத்தச் சிவப்பு. அதை விரலால் தடவினால் ரேகைகளுக்குள் சிவப்பு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

இந்தக் கல்தான் ஹேமடைட். உலகம் உருக்கும் இரும்பில் மிகப் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது. இதை வெட்டி மெருகேற்றும்போது வழிந்தோடும் தண்ணீர் சிவந்து போகும். அதைப் பார்த்தால் கிரேக்கர்கள் ஏன் இதற்கு ரத்தத்தின் பெயரை வைத்தார்கள் என்பது விளங்கும். 'ஹைமா' என்றால் கிரேக்கத்தில் ரத்தம். கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த தியோஃபிராஸ்டஸ் என்ற அறிஞர் ரத்தக்கல் என்று பொருள்படும் பெயரிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். தமிழில் காவிக்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதன் மண்போன்ற வடிவத்தை.

இதில் இருப்பவை இரண்டே தனிமங்கள்: இரும்பும் ஆக்சிஜனும். இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்பது கணக்கு. எடையாகப் பார்த்தால் தூய ஹேமடைட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்பு, மீதி 30 சதவீதம் ஆக்சிஜன். எல்லோரும் அந்த 70-ஐத்தான் பார்ப்பார்கள். சுரங்கம் தோண்டுவதே அதற்காகத்தான். ஆனால் இந்தக் கல்லைப் புரிந்துகொள்ள அந்த 30-ஐப் பிடித்துக்கொண்டு போவதே நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. இரும்போடு ஆக்சிஜன் வந்து சேர்ந்தால் ஹேமடைட் பிறக்கிறது. உலையில் அந்த ஆக்சிஜனை விரட்டினால் இரும்பு கிடைக்கிறது. கிடைத்த இரும்பை மழையில் போட்டுவைத்தால் ஆக்சிஜன் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. அதைத்தான் துரு என்கிறோம். துருவும் ஹேமடைட்டும் முழுக்க ஒன்றல்ல. துருவில் தண்ணீரும் கலந்திருக்கும், அது பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரைச் சூட்டில் ஓட்டிவிட்டால் மிஞ்சுவது ஹேமடைட்.

கல்லை அடையாளம் காண்பது பற்றி முதலில் பார்த்துவிடலாம். ஹேமடைட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.26 கிராம். சாதாரணக் கருங்கல்லுக்கு அது 2.7-ஐ ஒட்டி இருக்கும். கையில் எடுத்தவுடன் வந்த அந்தக் கனத்துக்கு இதுதான் காரணம். கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 5.5 முதல் 6.5 வரை, அதாவது ஏறக்குறைய ஒரு நல்ல கத்தியின் கடினம். ஆனால் மண்போன்ற வகை தொட்டாலே கையில் ஒட்டும். உடைத்தால் மைக்காவைப்போலத் தகடு தகடாகப் பிரியும் தளங்கள் இதற்குக் கிடையாது, ஒழுங்கில்லாமல் உடையும். அணுக்களின் அடுக்குமுறையில் ஓர் அழகான உறவும் உண்டு. மாணிக்கமும் நீலக்கல்லும் கொரண்டம் என்ற கனிமத்தின் வகைகள். அந்தக் கொரண்டத்தில் அலுமினிய அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களிலெல்லாம் இரும்பை வைத்தால் ஹேமடைட்டின் படிக அமைப்பு வந்துவிடும். அந்த வகையில் மாணிக்கமும் ஹேமடைட்டும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கற்கள்.

இரும்புத் தாதுக்களில் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று மேக்னடைட். அதுவும் கறுப்பு, அதுவும் கனம், இரும்பு 72 சதவீதம். இன்னொன்று கோதைட். அதில் நீர் சேர்ந்திருக்கும், இரும்பு 63 சதவீதம். இங்கேதான் அந்தத் தரை ஓடு கைகொடுக்கிறது. மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், கோதைட் மஞ்சள் பழுப்பாக எழுதும், ஹேமடைட் சிவப்பாக எழுதும். கல்லின் வெளி நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தூளின் நிறம் மாறாது. கனிமவியலில் இதைக் கீற்றுச் சோதனை என்பார்கள். எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட பிறகும் களத்தில் முதலில் செய்வது இதைத்தான்.

சரி, கறுப்புக் கல்லுக்குள் சிவப்பு எங்கே ஒளிந்திருந்தது? ஹேமடைட் நீலம், பச்சை ஒளிகளைப் பலமாக விழுங்கிவிடும். சிவப்பை அவ்வளவாக விழுங்காது. துகள் மிகச் சிறியதாக இருந்தால் ஒளி அதற்குள் புகுந்து வெளியே வரும்போது மற்ற நிறங்கள் கழிந்து சிவப்பு மட்டும் மிஞ்சும். துகள் பெரிதாகிவிட்டால் சிவப்புக்கும் வெளியே வர வழியில்லை. உள்ளே போன ஒளி முழுவதும் அடங்கிவிடும், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் உலோகப் பளபளப்பாகத் தெரியும். ஆக, சிவப்பும் கறுப்பும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள். வேறுபாடு துகளின் அளவில் மட்டும்.

அதனால்தான் இந்தக் கனிமத்துக்கு இத்தனை வேடங்கள். இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் கிடைத்த 'சிறுநீரகத் தாது' உருண்டை உருண்டையாகப் புடைத்து, பெயருக்கேற்ற வடிவில் இருக்கும். உடைத்தால் உள்ளே நடுவிலிருந்து ஊசிகள் கிளம்பியதுபோல இழைகள் தெரியும். ஆல்ப்ஸ் மலையின் பிளவுகளில் மெல்லிய தகடுகள் இதழ் இதழாக அடுக்கி 'இரும்பு ரோஜா' ஆகியிருக்கும். ஸ்பெகுலரைட் என்ற வகை மினுமினுக்கும் செதில்களால் ஆனது. ஒருமுறை தொட்டால் போதும், விரல் நுனியில் கருவெள்ளிப் பொடி ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தில் மின்னும். அந்த மினுக்கத்தையே இன்னும் நன்றாக அரைத்தால் அதுவும் கடைசியில் சிவப்பாகிவிடும்.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். 'காந்த ஹேமடைட்' என்ற பெயரில் கறுப்பு மணி மாலைகளும் கைவளைகளும் விற்கப்படுகின்றன. ஒன்றோடொன்று சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இயற்கையான ஹேமடைட் அப்படி ஒட்டாது. அந்த மணிகள் தொழிற்சாலையில் செய்யும் ஃபெரைட் என்ற பீங்கான் காந்தம். உண்மையான ஹேமடைட்டில் பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்களின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்று ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஆனால் சரியாக நேரெதிராக நிற்காமல் இம்மியளவு சாய்ந்திருப்பதால் மிக மெல்லிய காந்தத்தன்மை மிஞ்சுகிறது. சுமார் மைனஸ் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்த்தினால் அந்தச் சாய்வும் நேராகி, இருந்த கொஞ்சநஞ்சமும் ஏறக்குறைய மறைந்துவிடும்.

மெல்லியதுதான், ஆனால் பிடிவாதமானது. செம்மணற்கல் உருவானபோது பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தத் திசையை அதிலுள்ள ஹேமடைட் துகள்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே வைத்திருக்கின்றன. அந்த நினைவை முழுதாக அழிக்க 675 டிகிரியை ஒட்டிச் சூடேற்ற வேண்டும். 1950-களில் இப்படிப்பட்ட செம்மணற்கற்களை அளந்தபோது, அந்தப் பாறைகள் உருவான காலத்தில் நிலப்பரப்புகள் இன்றைய இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஒப்புக்கொள்ள உதவிய சான்றுகளில் அதுவும் ஒன்று.

கடல் துருப்பிடித்த காலம்

இனி இந்தக் கனிமம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நிலத்தடியிலிருந்து இறைத்த தண்ணீரில் இரும்பு அதிகமாக இருந்தால் என்ன நடக்கும் என்று பலர் பார்த்திருப்பீர்கள். வாளியில் விழும்போது தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். கொஞ்ச நேரம் காற்றுப்பட நின்றால் மங்கலாகி, மஞ்சளாகி, காலையில் பார்த்தால் அடியில் ஆரஞ்சு நிறக் கசடு படிந்திருக்கும். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்த நிலையில் இருந்தது. காற்றிலிருந்த ஆக்சிஜன் பட்டதும் அது வேறு வகை அயனியாக மாறியது; அந்த வகை தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. அதனால் அடியில் இறங்கிவிட்டது.

அந்த வாளி இருக்கும் இடத்தில் ஒரு முழுக் கடலை வைத்துக்கொள்ளுங்கள். 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் சொல்லும்படி ஆக்சிஜன் கிடையாது. கடலடியின் வெந்நீர் ஊற்றுகள் இரும்பைக் கக்கிக்கொண்டிருந்தன, அது கடல் நீரில் கரைந்தபடியே இருந்தது. அப்புறம் சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் சயனோபாக்டீரியாக்கள் வந்தன. அவை வெளிவிட்ட ஆக்சிஜன் நேராகக் காற்றுக்குப் போகவில்லை. போகும் வழியில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் கரைதிறனை இழந்து கடலடியில் படிந்தது. ஆக்சிஜனே இல்லாமல் ஒளியை வைத்து இரும்பை மாற்றும் நுண்ணுயிரிகளும் உண்டு. மிகப் பழைய படிவுகளில் அவற்றுக்கும் பெரும் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

படிந்தது ஒரே சீராகவும் படியவில்லை. இரும்பு நிறைந்த ஓர் அடுக்கு, அதன்மேல் மணலில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள் நிறைந்த ஓர் அடுக்கு, மறுபடி இரும்பு, மறுபடி சிலிக்கா. சில அடுக்குகள் மில்லிமீட்டர் கனம், சில பல சென்டிமீட்டர். இவற்றைப் பட்டை இரும்புப் படிவுகள் என்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா பகுதியின் டேல்ஸ் கார்ஜ் பள்ளத்தாக்குச் சுவர்களில் இந்தப் பட்டைகளைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்பும் கருஞ்சாம்பலுமாக, கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை நெருக்கி அடுக்கியதுபோல. அவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. கிரீன்லாந்தின் இசுவாவில் இருப்பவை இன்னும் மூத்தவை, ஏறக்குறைய 370 கோடி ஆண்டு.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் நிலையாகச் சேரத் தொடங்கியது. இரும்புப் படிவுகள் மெல்லக் குறைந்து, 180 கோடி ஆண்டுகளுக்கு முன்போடு ஏறக்குறைய நின்றுபோயின. பிறகு சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமி கிட்டத்தட்ட முழுதும் பனி மூடிக்கிடந்த காலத்தில் ஒருமுறை திரும்பி வந்தன. பனி மூடிய கடலுக்குக் காற்றுத் தொடர்பு அறுந்தது, ஆக்சிஜன் தீர்ந்தது, இரும்பு மறுபடி கரைந்து சேர்ந்தது. பனி விலகியதும் மீண்டும் படிந்தது. வாளியில் நடந்ததேதான்.

ஆனால் கடலில் படிந்ததை அப்படியே உலைக்கு அனுப்ப முடியாது. பட்டைப் பாறையில் இரும்பு 25 முதல் 35 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி சிலிக்கா. அது நல்ல தாதுவாக மாற இன்னொரு வேலை நடந்தாக வேண்டும். நீர், சில இடங்களில் மழைநீரும் சில இடங்களில் பூமிக்குள்ளிருந்து வந்த வெந்நீரும், பாறைக்குள் ஊறி ஊறிச் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோயின. கரையாத இரும்பு ஆக்சைடு அங்கேயே நின்றது. இருந்த மேக்னடைட்டும் கூடுதல் ஆக்சிஜனை வாங்கி ஹேமடைட் ஆனது. சில நேரம் மேக்னடைட்டின் எட்டுமுகப் படிக வடிவம் மாறாமல், உள்ளே இருக்கும் பொருள் மட்டும் ஹேமடைட்டாகியிருக்கும். வீடு அதே வீடு, குடியிருப்பவர் வேறு. இப்படிப்பட்டதை மார்டைட் என்பார்கள். இந்தச் செறிவூட்டல் முடிந்த இடங்களில் இரும்பு 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். பிரேசிலின் கராஜாஸ், தென்னாப்பிரிக்காவின் சிஷென், சத்தீஸ்கரின் பைலாடிலா, பில்பரா எல்லாம் இப்படி வந்த செல்வங்கள்.

பில்பராவைப் பற்றி ஒரு செய்தி. 1938-இல் ஆஸ்திரேலிய அரசு இரும்புத் தாது ஏற்றுமதிக்கே தடை போட்டது. தங்கள் நாட்டுக்கே தாது போதாது என்ற கவலை அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1960-இல்தான் தடை தளர்ந்தது. இன்று உலகிலேயே மிக அதிகமாக இரும்புத் தாது ஏற்றுமதி செய்யும் நாடு அதுதான்.

ஹேமடைட் உருவாக வேறு வழிகளும் உண்டு. எரிமலைப் பிளவுகளில் வெளிவரும் வாயுக்களிலிருந்து நேரடியாகப் பளபளக்கும் தகடுகளாகப் படியும். வெசூவியஸ் எரிமலையில் அப்படிக் கிடைத்திருக்கிறது. பாறைப் பிளவுகளில் ஓடும் சூடான நீரிலிருந்து படியும். வெப்பமான பகுதிகளில் பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது உள்ளே இருக்கும் இரும்பு விடுபட்டு ஹேமடைட்டாகும். செம்மண்ணின் சிவப்பு இதுதான். மண்ணில் ஒரு சதவீத அளவுக்கு இருந்தாலே போதும், நிலம் முழுவதும் சிவந்துவிடும். துகள்கள் அவ்வளவு நுண்ணியவை, நிறம் அவ்வளவு வலுவானது.

செவ்வாயும் நிலவும்

செவ்வாய் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடுத் தூசியால் என்பது பழைய செய்தி. அந்தத் தூசியில் ஹேமடைட்தான் முக்கியம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, நீர் சேர்ந்த ஃபெரிஹைட்ரைட் என்ற இரும்பு ஆக்சைடே அந்தத் தூசிக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்கிறது. ஆனால் செவ்வாயில் ஹேமடைட் இருக்கிறதா என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் சுற்றுப்பாதையிலிருந்தபடியே மெரிடியானி சமவெளியில் சாம்பல் நிறப் பெரும்படிக ஹேமடைட்டைக் கண்டது. 1998-இல் அது அறிவிக்கப்பட்டது. அந்த வகை பெரும்பாலும் நீரோடு தொடர்புள்ளது. அதனால்தான் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தியை அங்கேயே இறக்கத் தீர்மானித்தார்கள். 2004 ஜனவரியில் அது இறங்கிப் பார்த்தபோது தரையெங்கும் சில மில்லிமீட்டர் அளவில் குண்டுமணி குண்டுமணியாக உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஹேமடைட் நிறைந்தவை. பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீரில் வளர்ந்து, பாறை காற்றில் தேய்ந்த பிறகு வெளியே உதிர்ந்தவை. வேறொரு கோளில் நீர் இருந்ததற்குச் சாட்சி சொல்ல இந்தக் கல் வந்து நின்றது.

நிலவில் ஹேமடைட் கிடைத்தது அதைவிட ஆச்சரியம். நிலவில் காற்றில்லை. போதாக்குறைக்கு, சூரியனிலிருந்து வீசும் ஹைட்ரஜன் அயனிகள் ஆக்சிஜனேற்றத்துக்கு நேரெதிரான வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அங்கே இரும்பு துருப்பிடிக்க வாய்ப்பே இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் சந்திரயான் 1-இல் சென்ற நிலவுக் கனிம வரைவுக் கருவியின் பதிவுகளை அலசிய ஆய்வாளர்கள், நிலவின் துருவங்களை ஒட்டிய பகுதிகளில் ஹேமடைட் இருப்பதாக 2020-இல் தெரிவித்தார்கள். அதிலும் பூமியைப் பார்த்திருக்கும் பக்கத்தில் கூடுதலாக. பூமியின் காந்தப்புலத்துக்கு வால்போன்ற ஒரு நீட்சி உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவு அதற்குள் புகுந்து வெளியே வரும். அந்த வால் வழியாகப் பூமியின் மேல் வளிமண்டலத்து ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக நிலவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். அது உறுதியானால், இங்கே உயிர்கள் வெளிவிட்ட மூச்சு அங்கே கல்லாகப் படிந்திருக்கிறது என்று பொருள்.

வண்ணமாக, எடைக்கல்லாக

மனிதன் ஹேமடைட்டிலிருந்து இரும்பை எடுக்கக் கற்றது மிகப் பிந்திய சங்கதி. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதன் நிறத்தைக் கண்டுகொண்டான். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் ஒரு லட்சம் ஆண்டுப் பழமையான பொருட்கள் கிடைத்தன: கடல் நத்தை ஓடுகள், அரைக்கும் கற்கள், ஓடுகளுக்குள் காய்ந்து ஒட்டியிருந்த காவிக் குழம்பு. அரைத்து, கலந்து, ஓட்டில் எடுத்துவைக்கும் முழுச் செய்முறையும் அப்போதே இருந்திருக்கிறது. அதே குகையில் 73,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல் சில்லில் காவித் துண்டால் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட கோடுகளும் கிடைத்தன. கைக்குக் கிடைத்த சிவப்புக் கல்லைக் கோடு இழுக்கும் எழுதுகோலாக யாரோ பயன்படுத்தியிருக்கிறார். நான் தொடக்கத்தில் தரை ஓட்டில் இழுத்த கோட்டுக்கும் அதற்கும் செய்கையில் வேறுபாடே இல்லை.

எஸ்வாட்டினி நாட்டின் இங்வென்யாவில் 40,000 ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே ஹேமடைட்டையும் ஸ்பெகுலரைட்டையும் தோண்டியிருக்கிறார்கள்; உலகின் மிகப் பழைய சுரங்கங்களில் ஒன்று அது. பிரான்சின் லாஸ்கோவிலும் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவிலும் குகைச் சுவர்களில் தெரியும் சிவப்பு இதே கல்லின் சிவப்பு. அது ஏன் இன்னும் மங்கவில்லை? செடியிலிருந்து எடுத்த சாயம் வெளிச்சத்திலும் காற்றிலும் சிதையும். ஹேமடைட் ஏற்கெனவே ஆக்சிஜனை முழுதாக ஏற்று முடித்த பொருள். காற்று அதை இனி ஒன்றும் செய்ய முடியாது.

மஞ்சள் காவியை நெருப்பில் வாட்டினால் சிவப்பாகும் என்பதும் கற்காலத்திலேயே தெரிந்திருந்தது. மஞ்சளில் இருக்கும் கோதைட் நீரை இழந்து ஹேமடைட்டாவதுதான் அங்கே நடப்பது. இன்றைய பெயின்ட், சிமென்ட் ஓடு, செங்கல் நிறமிகளிலும் இதே சிவப்பு உண்டு. பெரும்பாலும் செயற்கையாகச் செய்தது.

கனமும் கடினமும் வேறொரு வேலைக்கு உதவின. பழைய மெசபடோமியாவில் வணிகர்கள் எடைக்கற்களை ஹேமடைட்டில் செய்தார்கள். சிறிய அளவில் நல்ல எடை, எளிதில் தேயாது. ஒரு எடைக்கல்லுக்கு வேறென்ன வேண்டும்? களிமண் பலகையில் உருட்டி முத்திரை பதிக்கும் உருளைகளையும் இதிலேயே செதுக்கினார்கள்.

உலைக்குள்

இப்போது வரும் இரும்புத் தாதுவில் ஏறக்குறைய 98 சதவீதம் எஃகுக்கே போகிறது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 250 கோடி டன் தாது தோண்டுகிறது. அது எல்லாமே ஹேமடைட் அல்ல, மேக்னடைட்டும் கோதைட்டும் உண்டு. ஆனால் கடல் வழி வணிகத்தில் ஹேமடைட் வகைக்குத்தான் பெரிய இடம். 62 சதவீத இரும்புள்ள தூள் தாதுவை வைத்துத்தான் சந்தையில் பல ஆண்டுகள் விலை பேசிவந்தார்கள்.

ஊதுலை என்பது ஒரு பெரிய ஆக்சிஜன் பிடுங்கும் இயந்திரம். மேலிருந்து தாது, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். கீழிருந்து ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடேற்றிய காற்றை ஊதுவார்கள். கோக் எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அது தாது அடுக்குகளின் இடுக்குகளில் நுழைந்து மேலே ஏறும். தாது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வழியில் அந்த வாயு ஆக்சிஜனைப் பறிக்கத் தொடங்கும். எல்லாம் ஒரே வீச்சில் நடப்பதில்லை. ஹேமடைட் முதலில் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து மேக்னடைட்டாகும், பிறகு வூஸ்டைட் என்ற இன்னும் ஆக்சிஜன் குறைந்த ஆக்சைடாகும், கடைசியில் வெறும் இரும்பாகும். இயற்கை மேக்னடைட்டை ஹேமடைட்டாக மாற்ற லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. உலை அந்த வழியையே பின்னோக்கிச் சில மணி நேரத்தில் ஓடி முடிக்கிறது.

சுண்ணாம்புக்கல் சிலிக்காவைப் பிடித்து உருகிய கசடாக்கும். அது இரும்பின் மேல் மிதக்கும். தனியாக வடித்துச் சிமென்ட்டுக்கு அனுப்புவார்கள். அடியில் சேரும் இரும்பில் 4 சதவீதத்தை ஒட்டிக் கார்பன் கலந்திருக்கும். அதுதான் வார்ப்புக்கு ஏற்றதாகவும் தட்டினால் உடைவதாகவும் இருக்கும் இரும்பு. அடுத்த கட்டத்தில் ஆக்சிஜனை ஊதி அந்தக் கார்பனை எரித்துக் குறைத்தால் எஃகு. ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் தாது தேவைப்படும்.

ஆக்சிஜனைப் பறிப்பதற்கு இன்னொரு வழி, பார்ப்பவர் கண்ணைக் கூச வைப்பது: தெர்மிட். இரும்பு ஆக்சைடுத் தூளோடு அலுமினியத் தூளைக் கலந்து பற்றவைத்தால், ஆக்சிஜன்மேல் இரும்பைவிட அலுமினியத்துக்கு ஆசை அதிகம் என்பதால் அதைப் பறித்துக்கொள்ளும். அந்த வேகத்தில் எழும் சூட்டில் இரும்பு உருகி ஓடும். ஜெர்மன் வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ரயில் தண்டவாளத் துண்டுகளை இணைக்க இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மற்ற பயன்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மிக நுண்ணிய ஹேமடைட் தூள் தங்கத்துக்கும் கண்ணாடி வில்லைகளுக்கும் மெருகேற்ற உதவும். எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்கு எடை கூட்டச் சேர்ப்பார்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான கான்கிரீட்டில் ஜல்லியாகவும் போடுவார்கள். சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளக்கும் மின்முனையாகப் பயன்படுத்தவும் முயன்று வருகிறார்கள். ஒளியை நன்றாகவே விழுங்குகிறது, ஆனால் உண்டான மின்னூட்டம் சில நானோமீட்டர் தூரம் போவதற்குள் வீணாகிவிடுகிறது என்பதுதான் அதில் உள்ள தடை.

இந்தக் கல்லுக்காகக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக் கூடாது. தாதுவைக் கழுவிச் செறிவூட்டும்போது மிஞ்சும் சேற்றைப் பெரிய அணைகளுக்குப் பின்னால் தேக்குவார்கள். 2015 நவம்பரில் பிரேசிலின் மரியானா அருகே அப்படியோர் அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். 2019 ஜனவரி 25 அன்று அதே மாநிலத்தின் புருமாடின்யோவில் இன்னொன்று உடைந்தது. மதிய உணவு நேரம். சுரங்க ஊழியர்களின் உணவுக்கூடம் சேற்றுக்குள் போனது. இறந்தவர்கள் 270 பேர். பில்பராவில் 2020 மே மாதம், 46,000 ஆண்டு மனிதத் தடயங்கள் இருந்த ஜூக்கான் பள்ளத்தாக்குப் பாறைக் குடில்கள் சுரங்க விரிவாக்கத்துக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அந்த மண்ணின் பூர்வகுடிகள் மறுத்துச் சொல்லியும் நடந்தது. இவை இயற்கைப் பேரிடர்கள் அல்ல. மனிதர்கள் எடுத்த முடிவுகளின் விளைவுகள், தடுத்திருக்கக்கூடியவை.

காற்றுக்கு ஏறும் கணக்கு வேறு. உலையில் தாதுவிலிருந்து பிடுங்கிய ஆக்சிஜன் எங்கேயோ போக வேண்டும். அது கார்பனோடு சேர்ந்து கார்பன் டையாக்சைடாகப் புகைபோக்கி வழியே போகிறது. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டையாக்சைடு. நிலக்கரி எரிவது சூட்டுக்காக மட்டும் என்றால் மின்சாரத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் இங்கே கரியின் முதல் வேலை ஆக்சிஜனைப் பிடிப்பது. எஃகுத் தொழிலைத் தூய்மையாக்குவது இவ்வளவு கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனை அனுப்பினால்? ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நீராவியாக வெளியேறும். ஸ்வீடனின் லூலியோவில் ஹைபிரிட் திட்டத்தின் சோதனை ஆலை 2021-இல் இப்படி இரும்பு எடுத்துக் காட்டியது. அங்கே சுரங்கத்திலிருந்து வருவது மேக்னடைட். உருண்டைகளாக்கிச் சுடும்போது அது ஆக்சிஜனை ஏற்று ஹேமடைட்டாகிவிடும், அந்த உருண்டைகள்தான் ஹைட்ரஜனுக்குள் போகின்றன. நல்ல ஹைட்ரஜனை நிறையவும் மலிவாகவும் செய்வது எப்படி என்பதில்தான் இப்போது எல்லாம் நிற்கிறது.

இந்த முறையில் இரும்பு உருகுவதில்லை. தாது உருண்டை தன் வடிவத்திலேயே நிற்கும். ஆக்சிஜன் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகிவிடும். பஞ்சுபோலிருப்பதால் கடற்பஞ்சு இரும்பு என்று பெயர். அதை அப்படியே குவித்துவைத்துக் கப்பலில் ஏற்ற முடியாது. அத்தனை துளைகளுக்குள்ளும் காற்றும் ஈரமும் புகுந்தால் இரும்பு உடனே ஆக்சிஜனைப் பிடிக்கத் தொடங்கும், குவியல் தானாகச் சூடேறும், சில நேரம் தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் உலையிலிருந்து வந்த சூட்டிலேயே அதைக் கனமான கட்டிகளாக அழுத்தி, காற்றுப் புக இடமில்லாமல் செய்துதான் கடல் தாண்டி அனுப்புகிறார்கள்.